அரிசிப் பையும் மொய் நோட்டும்

மதுரையில் எனக்கு ஒரு சின்ன டிசைனிங் கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்து ஃப்ளெக்ஸ் என்று எல்லாம் செய்வேன் என்றாலும் வருஷத்துக்குச் சோறு போடுவது திருவிழா நோட்டீஸ்தான். மாசிக் கடைசியில் ஆரம்பித்தால் ஆடி வரை ஓய்வு இருக்காது. மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, பொன்னமராவதி என்று வடகிழக்கே எங்கெங்கிருந்தோ ஊர்க்காரர்கள் நாலைந்து பேராக வந்து இறங்குவார்கள். மேலே அம்மன் படம், நடுவில் விழா நிகழ்ச்சி, கீழே இரவு பத்து மணிக்கு வள்ளி திருமணம் நாடகம். நாடகம் என்றால் நடிகர்களின் படம் வேண்டும். கதாநாயகன் ராஜபார்ட், கதாநாயகி ஸ்திரீபார்ட், நாரதர், சிரிக்க வைக்கும் பபூன், டான்ஸ். அதற்கும் கீழே ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம் என்று பக்கவாத்தியக்காரர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஊர், செல் நம்பர். நம்பரைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல்லி நடிகர்களே எனக்கு ஃபோன் செய்வார்கள். நோட்டீஸைப் பார்த்துத்தான் அடுத்த ஊர்க்காரர் தேதி கேட்பார்.

2020 பங்குனியிலும் அப்படித்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் எங்கள் தெருவிலும் தட்டைத் தட்டினோம். இரண்டு நாளில் 144. 25ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் அதே நாளில், எங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையில். அதுவரை சீனாக்காரன் வியாதி என்று பேசிக்கொண்டிருந்த டீக்கடை ஒரே நாளில் வாயை மூடியது. கடையும் மூடியது என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் என்னிடம் நோட்டீஸ் கொடுத்திருந்த எல்லா ஊரும் விழாவை நிறுத்திவிட்டன. அடித்து வைத்த கட்டுகள் அப்படியே கிடந்தன. சித்திரைத் திருவிழாவே இல்லை என்றான பிறகு கிராமத்து முளைப்பாரியை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வருஷம் மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டர்கள் மட்டும் நின்று நடத்த, ஊர் முழுக்க வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டது. அழகர் வைகைக்கு வரவில்லை. என் அம்மா எண்பதை நெருங்குகிறவர். அழகர் வராத சித்திரையை அதற்கு முன் பார்த்ததில்லை என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கடை வருமானம் போனது கவலைதான். ஆனால் என்னிடம் சேமிப்பு கொஞ்சம் இருந்தது, மனைவிக்குப் பள்ளிக்கூடத்து வேலை இருந்தது. என் கணினியில் படமாக இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நாடகக்காரர்களின் பொருளாதாரம் வெளியாட்களுக்குச் சட்டென்று புரியாது. வருஷத்தில் நாலைந்து மாதம்தான் நாடகம். மீதி மாதங்களை வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும் ஓட்டுவார்கள். பங்குனியில் முதல் நாடகம் நடந்ததும் கடனை அடைக்க ஆரம்பிப்பார்கள். வைகாசி வரை அடைத்து, ஆனி ஆடியில் கொஞ்சம் சேர்த்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டி, ஐப்பசியில் மறுபடி கடன். ஆக, ஊரடங்கு வந்தது அவர்கள் பணம் சம்பாதித்து வைத்திருந்த நேரத்தில் இல்லை. கடன் உச்சத்தில் இருந்த நேரத்தில். ஒரு மாதம் தள்ளி வந்திருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள்.

நாங்கள் மூன்று பேர்தான் அவர்களுக்கு உதவ ஆரம்பித்தோம். நான், பாத்திரக்கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பன், அவன் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். அமைப்பு, பெயர், பேனர் எதுவும் கிடையாது. என் கணினியில் ஐந்து வருஷத்து நோட்டீஸ் கோப்புகள் இருந்தன. அவற்றைத் திறந்து, பெயர், ஊர், நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதினோம். ஒரே ஆள் பத்து நோட்டீஸில் இருப்பார், நம்பர் மாறியிருக்கும், சிலர் இறந்தே போயிருந்தார்கள். கழித்துக் கூட்டி 112 பேர். நன்கொடை கேட்டுக் கல்லூரி வாட்ஸப் குழுவில் போட்டேன். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நண்பர்கள் அனுப்பினார்கள். என்னோடு கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன், அவனுக்கே அந்த மாதம் பாதிச் சம்பளம், ஐயாயிரம் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றான். சொல்லவில்லை, பெயரைத்தான் எழுதவில்லையே.

பணம் வந்ததும் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். மளிகைப் பை. கீழமாசி வீதியில் மொத்தக்கடையில் சொல்லி அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், ரவை, சீனி, உப்பு, மிளகாய்த்தூள், டீத்தூள், இரண்டு சோப்பு. என் கடையில் வைத்துக் கட்டினோம். தொழில் புத்தி போகுமா, நானே ஒரு ஸ்டிக்கர் டிசைன் செய்தேன். 'கலைஞர்களுக்கு அன்புடன்' என்று பச்சையில் எழுதி, இரண்டு பக்கமும் கைகூப்பிய கை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டினோம். அதற்கு அன்றைக்கு நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

பை கட்டி முடித்த அன்று, ஏப்ரல் 12, தனியாரும் கட்சிகளும் நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் அரசு வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கூட்டம் கூடி நோய் பரவும் என்பது காரணம். காரணத்தில் தப்புச் சொல்ல முடியாது. தெருமுனையில் லாரியை நிறுத்திச் சோற்றுப் பொட்டலத்துக்கு ஆளை ஆள் மிதிக்கும் காட்சிகளை நாங்களும் பார்த்திருந்தோம். ஆனால் எங்கள் 112 பைகள் என்ன ஆவது? விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு, கூட்டம் சேர்க்காமல் கொடுக்கலாம் என்று அந்த வாரமே தீர்ப்பு வந்தது. அதற்குள் என் கடை எலிகள் ஏழு ரவைப் பொட்டலத்தை முடித்திருந்தன. ஊரடங்கில் ஹோட்டல்கள் மூடியதால் அவற்றுக்கும் பஞ்சம்தான்.

அனுமதி வாங்கி, ஒரு குட்டி யானை வேனைப் பிடித்து, ஊர் ஊராகப் போனோம். சிங்கப்பூர் நண்பர் ஒருவர் ஃபோட்டோ கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் நாலு பேரிடம் வாங்கி அனுப்பியவர், கணக்குக் காட்ட வேண்டும். ஆளும் பையும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படம் என்று பேச்சு.

மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ஸ்திரீபார்ட் அக்கா. பத்து வருஷமாக நான் நோட்டீஸில் போடும் முகம். நெற்றிச்சுட்டி, கல் வைத்த ஒட்டியாணம், கன்னத்தில் கை வைத்து ஒரு பக்கமாகப் பார்க்கும் படம். அந்தப் படத்தில் தோடு மினுங்க வேண்டும் என்று என்னிடம் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை வாங்கியவர். அன்றைக்கு நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் "அடடே, தம்பியா" என்றார். பையை நீட்டினேன். நண்பன் செல்லைத் தூக்கினான். அக்கா ஒரு நொடி நின்றார். அப்புறம், தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு மேலே, கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எடுத்துக்கங்க தம்பி" என்றார்.

நண்பன் எடுத்தான். திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. பாதி வழியில் டீச்சர் மட்டும், "நம்ம வீட்டு வாசல்ல நின்னு யாராவது இப்படி எடுத்தா நீ நிப்பியாடா?" என்று என் நண்பனைக் கேட்டார். அடுத்த ஊரிலிருந்து படம் எடுப்பதை நிறுத்தினோம். சிங்கப்பூர்க்காரருக்கு மளிகைக்கடை பில்லை மட்டும் அனுப்பினோம். அவரும் சரி என்றுதான் சொன்னார். ஒரு வார்த்தை முதலிலேயே பேசியிருக்கலாம்.

நாங்கள் முழித்துக்கொண்டது படத்தால் இல்லை, பருப்பால்.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டாவது சுற்றுக்காக கொட்டாம்பட்டிப் பக்கம் போயிருந்தபோது தண்ணீர்ப் பாட்டில் வாங்க ஒரு பெட்டிக்கடையில் நின்றேன். மிக்சர் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய துவரம்பருப்புப் பொட்டலங்கள் நாலு அடுக்கி இருந்தன. கைகூப்பிய கை. என் டிசைன். கடைக்காரரிடம் இது எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல, "நம்ம பபூன் வீட்டுல குடுத்தாப்ல. சக்கரை மாத்திரைக்குக் காசு இல்லேன்னாரு. எழுபது ரூவா போட்டு எடுத்துக்கிட்டேன்" என்றார். கடையில் அந்தப் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எலியிடமிருந்து காப்பாற்றி, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருந்து, வெயிலில் சுமந்து கொண்டுவந்தால் விற்கிறார்களா? அந்தக் கோபத்தோடேயே பபூன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேடையில் ஏறினால் முதல் ஒரு மணி நேரம் ஊரைச் சிரிக்க வைத்தே கொல்லும் மனிதர். திண்ணையில் உட்கார்ந்து காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் ஆறாத புண். பருப்பைப் பற்றிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவரே சொன்னார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. அரிசிக்குக் குறையில்ல. ரேசன்ல ஆளுக்கு அஞ்சு கிலோ சும்மா குடுக்குறாங்க. பருப்பும் எண்ணெயும் கூட வந்துருச்சு. பெரிய கட்சி குடுத்துச்சு, சின்னக் கட்சி குடுத்துச்சு, சர்ச்சுல குடுத்தாங்க, நீங்க குடுத்தீங்க. எல்லாரும் அரிசிதான். இதை ஆக்க கேஸு? மாத்திரை? வாடகை? குழுக் கடன்காரன் ஃபோனு? அதுக்கு அரிசி அள்ளிப் போட முடியுமா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூலையில் ஆறு விதமான பை. ஒவ்வொன்றிலும் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்து அவரோடு ஒரு கணக்குப் போட்டேன். அரசு அரிசி அட்டைக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் ஏப்ரலிலேயே செலவாகியிருந்தது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இவர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். மனைவியின் ஜன்தன் கணக்கில் ஐந்நூறு வந்தது. மாத்திரைக்கு மாதம் எண்ணூறு. வீட்டு வாடகை ஆயிரத்து ஐந்நூறு, வீட்டுக்காரர் கேட்கவில்லை, ஆனால் எழுதி வைத்திருக்கிறார். மனைவி பெயரில் மகளிர் குழுக் கடன். மூன்று மாதத் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் கடைசியிலேயே சொல்லிவிட்டது. தவணையைத்தான் தள்ளினார்கள், வட்டியைத் தள்ளவில்லை. அதையும் மீறி வசூல் ஆள் தினமும் ஃபோனில் கூப்பிட்டுக் குழுத் தலைவிக்குச் சொல்வேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்.

நூறு ரூபாய்ப் பருப்பு எழுபது ரூபாயாகி, அதிலிருந்துதான் மாத்திரை வந்திருக்கிறது. நடுவில் போன முப்பது ரூபாய் யாருடைய தவறு என்று யோசித்தால் அது பெட்டிக்கடைக்காரர் தவறு இல்லை. எங்களுடையது. கையில் நம்பர் இருந்தது, 112 பேருக்கும் ஃபோன் செய்து வீட்டு அடையாளம் கேட்டோம். என்ன வேண்டும் என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

இதை எழுதும்போது தாது வருஷப் பஞ்சம் ஞாபகம் வருகிறது. 1876லிருந்து 78 வரை தென்னிந்தியாவைப் புரட்டிப் போட்ட பஞ்சம். அப்போது மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்கிற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். ஊரே பட்டினி கிடந்தபோது அடுப்பு மூட்டியது ஆடிப்பாடிப் பிழைத்த ஒரு பெண் என்பது எனக்குப் பிடித்த கதை. ஆனால் இங்கே சொல்ல வந்தது வேறு. அதே பஞ்சத்தில் வெள்ளைக்கார அரசு ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பியது. நிவாரண முகாமில் நாள் முழுக்க உழைக்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தவர். கருணைக்குப் பேர் போனவர் இல்லை. அந்தக் கூலியில்கூடத் தானியத்தோடு ஓர் அணா காசு இருந்தது. உப்புக்கும் மிளகாய்க்கும் மனிதனுக்குக் காசு வேண்டும் என்பது டெம்பிளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

சரி, பணமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். குடும்பத்துக்கு இரண்டாயிரம். வாட்ஸப் குழுவில் சொன்னதும் ஒரே களேபரம். "பணமாக் குடுத்தா குடிச்சே தீத்துருவாங்க" என்று துபாய் நண்பன் எழுதினான். "மார்ச் 24லருந்து டாஸ்மாக் பூட்டிக் கிடக்குடா, எங்க போய்க் குடிப்பாங்க?" என்று பதில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே விவாதம் அதுதான் என்று நினைத்தேன். நாலு நாள்கூட நிலைக்கவில்லை. மே 7ஆம் தேதி டாஸ்மாக்கைத் திறந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு, கடை வாசலில் வரிசை நிற்கும் படத்தோடு துபாயிலிருந்து மெசேஜ். மறுநாளே நீதிமன்றம் மூடச் சொன்னது, அடுத்த வாரம் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்து மறுபடி திறந்தது. நாங்கள் இரண்டாயிரம் அனுப்புவதை அதற்குள் முடித்திருந்தோம். அதில் யாருமே குடிக்கவில்லையா என்றால், குடித்திருப்பார்கள். இரண்டு பேரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரியும். அரிசிப் பை கொடுத்தபோதும் அவர்கள் குடிக்க வழி தேடியவர்கள்தான். ரேஷன் அரிசியை விற்கக் கொட்டாம்பட்டியில் கடையா இல்லை?

அந்த மே மாதம் மதுரை கலெக்டர் ஆபீஸுக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பிச்சை எடுத்துச் சேர்த்த பத்தாயிரம் ரூபாயை கொரோனா நிதிக்கு என்று கட்டிவிட்டுப் போனார். பிறகும் பல தடவை வந்து பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டினார். அந்தச் செய்தியைக் குழுவில் போட்டவன் துபாய்க்காரன்தான். எல்லோரும் நெகிழ்ந்து கைகூப்பினார்கள். பிச்சைக்காரர் கையில் பணம் சேர்ந்தால் என்ன செய்வார் என்பதற்கு இது பதில் என்று எழுத நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பணம் அனுப்புவது பை கொடுப்பதைவிடச் சுலபம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பாதிப் பேரிடம் பட்டன் ஃபோன். ஜிபே கிடையாது. கணக்கு எண்ணைத் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டி, மறுபடி சரிபார்த்து, அதுவே ஒரு வாரம் ஆனது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அனுப்பிய இரண்டாயிரம் போய்ச் சேர்ந்த மறுநிமிஷம் காணாமல் போனது. பையனுக்கு வாங்கிய பைக் கடனின் தவணையை வங்கி தானாக எடுத்துக்கொண்டுவிட்டது. தள்ளிவைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஊரடங்கில் யார் போய் எழுதிக் கொடுப்பது? அவருக்கு மறுபடி இரண்டாயிரத்தை நண்பன் ஸ்கூட்டரில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். நாலு இடத்தில் போலீஸ் நிறுத்தி, ஓர் இடத்தில் தோப்புக்கரணம்.

ஸ்திரீபார்ட் அக்காவுக்கு நானே ஃபோன் செய்து கணக்கு எண் கேட்டேன். படம் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

"நோட்டுல என்னன்னு எழுதுவீங்க தம்பி?"

"என்னக்கா?"

"இல்ல, இந்த ரெண்டாயிரத்தை. நிவாரணம்னா?"

உண்மையில் நோட்டின் முதல் பக்கத்தில் டீச்சரின் அழகான கையெழுத்தில் 'நிவாரண நிதி' என்றுதான் இருந்தது. ஆமாம் என்றேன்.

"மொய்னு எழுதிக்கங்க. திருப்பிச் செய்யுறோம்."

அவர் பிறந்த ஊர் கீரமங்கலம் பக்கம். புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து பிரசித்தம். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஊரைக் கூப்பிட்டு மொய் வாங்குவார்கள். விவசாயத்துக்கோ கடை வைக்கவோ முதல் திரட்டுகிற வழி. எவ்வளவு வாங்கினோம் என்பது நோட்டில் இருக்கும். கொடுத்தவர் விருந்து வைக்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். வாங்கியதற்காக யாரும் தலைகுனிவதில்லை, அது அவர் முறை, அவ்வளவுதான். கூச்சம் திருப்பிச் செய்யாதவருக்குத்தான். அந்த வருஷம் ஆடியில் அதையும் கொரோனா நிறுத்தியிருந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் 'நிவாரண நிதி' என்பதன்மேல் ஒரு கோடு போட்டு, மேலே 'மொய்' என்று எழுதினார். வரிசை எண், ஊர், பெயர், தொகை. அதன்பின் ஃபோனில் பேசும்போதெல்லாம் நாங்கள் அந்த வார்த்தையையே சொன்னோம். எதிர்முனையில் குரல் மாறுவது எனக்குக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். ஆல்ரவுண்ட் அண்ணன் ஒருவர், "அப்ப எப்ப விருந்து?" என்றார். எழுபது வயது ஆர்மோனியக்காரர் ஒருவர் மட்டும், "நான் திருப்பிச் செய்ய இருப்பனான்னு தெரியல தம்பி, எனக்கு தர்மம்னே எழுதிரு" என்றார். அவர் பெயருக்கும் மொய் என்றுதான் இருக்கிறது.

ஜூன் 24லிருந்து மதுரைக்கு மட்டும் தனியாக முழு ஊரடங்கு. ஜூலை நடுவில்தான் விட்டார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி கோவில்கள் திறந்தன, ஆனால் திருவிழா இல்லை. அந்த வருஷம் மொத்தம் மூன்று சுற்றுப் பணம் அனுப்ப முடிந்தது. மூன்றாவதில் ஆயிரம்தான். கொடுப்பவர்களுக்கும் களைப்பு வரும், அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

2021ஐப் பற்றி அதிகம் எழுதத் தெம்பு இல்லை. மாசியில் நாடகங்கள் மெல்லத் தொடங்கின, என் கடையில் மறுபடி நோட்டீஸ் வாசனை. சித்திரையில் எல்லாம் முடிந்தது. திருக்கல்யாணம் இரண்டாவது வருஷமாகக் கோவிலுக்குள்ளேயே. மே 10லிருந்து ஊரடங்கு. இந்தத் தடவை அரசு அட்டைக்கு நாலாயிரத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தது, ஜூனில் பதினான்கு மளிகைப் பொருளும் சேர்த்து. அதனால் எங்களுக்கு வந்த ஃபோன்கள் பணம் கேட்டு இல்லை. ஆக்சிஜன் படுக்கை கேட்டு. எங்களுக்கு யாரைத் தெரியும்? நோட்டில் இருக்கும் நம்பரெல்லாம் ராஜபார்ட்டும் பபூனும். டீச்சர் மட்டும் தன் பழைய மாணவர்களில் டாக்டரான இரண்டு பேரை விடாமல் கூப்பிட்டு ஒருவருக்கு இடம் வாங்கினார். ஆர்மோனியக்காரர் உட்பட நாலு பேர் அந்த மே, ஜூனில் போய்விட்டார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நான் இலவசமாகச் செய்து கொடுத்தேன். திருவிழா நோட்டீஸுக்கு வைத்திருந்த அதே படங்கள். கிரீடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள் ஒரு வீட்டில். இன்னொரு வீட்டில், வேண்டாம், கிரீடத்தோடேயே இருக்கட்டும் என்றார்கள்.

2022 சித்திரையில் அழகர் வைகைக்கு வந்தார். இரண்டு வருஷக் கூட்டம் ஒரே நாளில் ஆற்றுக்கு வந்தது போலிருந்தது. அந்த வைகாசியில் என் தங்கை பையனுக்குக் காதுகுத்து வைத்தோம். பத்திரிகை நானே அடித்ததால் கணக்குப் பார்க்காமல் எல்லோருக்கும் அனுப்பினேன், நோட்டில் இருந்தவர்களுக்கும். வரும் வழி, பஸ் செலவு, நாடக சீசன் என்று யோசித்து யாரையும் எதிர்பார்க்கவில்லை.

மொய் எழுத இப்போதெல்லாம் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் வைத்து ரசீது கொடுக்கிறார்கள். நான் நோட்டுதான் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மேல் மேஜைக்கு எதிரே ஒரு பட்டுப்புடவை வந்து நின்றது. நிமிர்ந்தால் ஸ்திரீபார்ட் அக்கா. முந்தின நாள் ராத்திரி சிங்கம்புணரிப் பக்கம் நாடகமாம், விடிய விடிய ஆடிவிட்டு, முகத்து அரிதாரம் காதோரம் இன்னும் முழுசாகப் போகாமல், நேரே பஸ் ஏறி வந்திருக்கிறார். பின்னால் பபூன் அண்ணன். பெருவிரல் இல்லாத காலுக்குச் செருப்பு மாட்ட முடியாமல் கையில் ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டு.

"எழுதுங்க தம்பி" என்று அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னார். பழைய இரண்டாயிரம், அடுத்த சுற்று இரண்டாயிரம், கடைசி ஆயிரம். கணக்கு என்னைவிடச் சரியாக அவருக்கு ஞாபகம் இருந்தது. ஐயாயிரத்து ஐந்நூற்று ஒன்று. வேண்டாம் அக்கா என்று வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு எழுதினேன். பபூன் அண்ணன் ஆயிரத்து ஒன்று வைத்து, "மீதி அடுத்த விசேஷத்துக்கு, தங்கச்சிய இன்னொண்ணு பெத்துக்கச் சொல்லு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

டீச்சரின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து அக்காவின் வரிக்கு நேரே வரவு வைத்தேன். அவருடைய மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஐந்நூற்று ஒரு ரூபாய் நான்தான் அவருக்குத் தர வேண்டும்.